வடசென்னை ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களும் நடக்கிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலடிப்பேட்டையில் 22 வருஷமாகக் குடியிருக்கிறேன். காலையில் மகனை ஸ்கூட்டியில் பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறேன். பெரும்பாலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, நேரமாகிவிட்டால் எண்ணூர் விரைவுச் சாலை. போன வருஷம் என் அம்மாவை ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்தபோது சில விஷயங்களைத் தெரிந்துகொண்டேன், சிலவற்றைத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோரும் எங்கள் தெருக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லா ஊர்லயும்தான் டிராஃபிக் இருக்கு. நம்ம பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு பயமா இருக்கு?

நம் பக்கம் வீடும் துறைமுகமும் ஒரே ரோட்டில் இருக்கின்றன. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி. நடுவில் மணலி சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, டேங்கர் லாரிகள். காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம். இந்தச் சரக்கெல்லாம் போகிற ரோட்டில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், வடிவுடையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் வருகிறது, காய்கறி வண்டி நிற்கிறது. அண்ணா நகரில் ஒருத்தர் பைக்கை உரசினால் பெரும்பாலும் கீறலோடு போகும். எர்ணாவூரில் அதே உரசலில் சாய்ந்து விழும் இடத்தில் டிரெய்லரின் சக்கரம் இருக்கும். ஆளும் தப்பும் ஒன்றேதான், விலை வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

மெட்ரோ வந்தா குறையும்னாங்களே?

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அதனால் பாரிமுனைப் பக்கம் போகிறவர்களுக்கு உண்மையிலேயே நல்ல காலம்தான், நானும் மழை நாட்களில் அதில்தான் போகிறேன். ஆனால் கீழே ரோடு நடுவில் தூண்கள் வந்துவிட்டன. தூணுக்குப் பின்னால் நிற்கும் ஆள் வண்டிக்காரருக்குத் தெரியமாட்டார், வண்டி அவருக்கும் தெரியாது. தூண் இருக்கும் இடத்தில் ஆக்சிலேட்டரைக் குறைக்காமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கன்டெய்னர் லாரிதானே?

பாதிதான். துறைமுக வாசலில் இடம் கிடைக்காமல் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரைவர்களிடம் பேசிப் பாருங்கள். டிரிப் கணக்கில் பேட்டா, ராத்திரி முழுக்க ஸ்டியரிங் மேலேயே அரைத் தூக்கம், கழிப்பறை கிடையாது, பக்கத்தில் சாப்பாடு கிடையாது. வரிசை கலைந்ததும் இழந்த நேரத்தைப் பிடிக்க அவர் விரட்டுகிறார். அவர் விரட்டுவது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் அவரை அப்படி நிற்க வைத்தவர்களும், டிரிப்புக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டவர்களும் ரோட்டில் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. லாரிக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த நிமிஷமே அவர் வண்டியின் இடது பக்கச் சந்தில் நுழைந்து போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் பழக்கத்தை மாற்ற யார் உத்தரவும் தேவையில்லை.

லாரி பக்கத்துல பைக்ல போகும்போது எதைக் கவனிக்கணும்?

இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கேபின் உயரம். அவருக்கு இடது பக்கத்தில், கதவை ஒட்டிய இடம் கிட்டத்தட்ட இருட்டு. லாரியின் மூக்குக்கு நேர் முன்னால் சில அடி தூரமும் தெரியாது. சிக்னலில் லாரிக்கு முன்னால் போய் ஒட்டி நிற்கிறீர்கள் என்றால், பச்சை விழும்போது நீங்கள் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். எளிய சோதனை ஒன்று: அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது திருப்பம். 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன்பக்கம் முதலில் வலதாக விரிந்து போகும். இடது பக்கம் நல்ல இடைவெளி கிடைத்தது போலத் தோன்றும். பைக்காரர்கள் அங்கேதான் நுழைகிறார்கள். ஆனால் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வருவதில்லை, உள்ளே இழுத்துக்கொண்டு பிளாட்பாரத்தை ஒட்டி வரும். நீங்கள் நுழைந்த இடைவெளி மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும். மணலி உரத் தொழிற்சாலைப் பக்கம் இருக்கும் எம்.எஃப்.எல். சந்திப்பில் ஒரு நாள் காலை அரை மணி நேரம் நின்று பாருங்கள், பின்சக்கரம் ஓரக்கல்லை எவ்வளவு நெருங்கி உரசுகிறது என்று. நான் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து திரும்பும் லாரிக்கு இடது பக்கம் போனதே இல்லை. பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, ராத்திரியில் ஓரம்கட்டிய டிரெய்லர். பின் விளக்கு எரியாது, ஒட்டிய ஸ்டிக்கர் மேல் தூசி படிந்திருக்கும், தெருவிளக்கும் இல்லையென்றால் அது இருப்பதே தெரியாது. விரைவுச் சாலையில் இரவு 9 மணிக்கு மேல் ஓரத்தை ஒட்டி வேகமாகப் போகாதீர்கள். ஓரத்தில் மணலும் கிடக்கும், பிரேக் பிடித்தால் வழுக்கும். காசிமேடு பக்கம் விடியற்காலையில் மீன்பாடி வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி ரோடு ஈரமாக இருக்கும், அங்கேயும் அப்படித்தான்.

ராங் சைடுல நூறு அடிதானே போறேன்? யூ டர்னுக்கு அவ்ளோ தூரம் யார் போவாங்க?

என் அம்மாவின் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அப்போது 67 வயது. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு ஒயர் கூடையோடு ரோட்டைக் கடக்க நின்றார். வண்டி எந்தப் பக்கமிருந்து வர வேண்டுமோ அந்தப் பக்கம், வலது பக்கம் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தார். இடது பக்கமிருந்து, ஓரத்தை ஒட்டி, ராங் சைடில் வந்த பைக்கின் ஹேண்டில்பார் அவர் முழங்கையில் பட்டது. அம்மா கையை ஊன்றி விழுந்தார். கூடையிலிருந்த சின்ன வெங்காயம் ரோடு முழுக்க உருண்டு ஓடியது. பூ விற்கிற அக்கா ஓடி வந்து அம்மாவைத் தூக்கினார், இளநீர்க் கடைக்கார அண்ணன் வெங்காயத்தைப் பொறுக்கினார். அந்தப் பையன் காலை ஊன்றி, திரும்பிப் பார்த்து, "பாத்து வரக்கூடாதா பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பாட்டி பார்த்துத்தான் வந்தார். சரியான பக்கம் பார்த்தார்.

மணிக்கட்டு எலும்பு முறிவு. 6 வாரம் மாவுக்கட்டு.

ராங் சைடில் வருகிறவர் எல்லோரும் கிட்டத்தட்ட நூறு அடிக்குத்தான் வருகிறார்கள். அந்த நூறு அடிக்குள் ஒருத்தர் காலை எடுத்து வைத்தால் போதும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது எதிர்த் திசையில் ஓட்டுவதை 184ஆம் பிரிவில், அபாயகரமாக ஓட்டுவது என்ற குற்றத்தில் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் அதே பிரிவில்தான் வருகின்றன. முதல் தடவைக்கே 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது.

வேகமா போனாதான் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியும். இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 கிலோமீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏழரை நிமிஷம். 60இல் போனால் 5 நிமிஷம். மிச்சம் இரண்டரை நிமிஷம், அதுவும் ரோடு முழுக்கக் காலியாக இருந்தால். நம் ரோட்டில் அடுத்த சிக்னலிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும். என்னைச் சர்ரென்று வெட்டிக்கொண்டு போனவரை எத்தனையோ தடவை டோல்கேட் சிக்னலில் என் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

நிற்பதற்கு எவ்வளவு தூரம் தேவை என்பதுதான் முக்கியமான கணக்கு. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும். 40இல் அந்த ஒரு நொடியில் வண்டி 11 மீட்டர் போய்விடுகிறது, பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறக்குறைய அதே அளவு. மொத்தம் இரண்டு மாநகரப் பேருந்தின் நீளம். 60இல் 40 மீட்டருக்கு மேல், அதாவது மூன்று பேருந்துக்கும் கூடுதல். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, நிற்கும் தூரம் இரண்டு மடங்காகிவிட்டது. ஈர ரோட்டில் இன்னும் கூடும்.

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்பை மாற்றியது: கார் 60, பைக்கும் கனரக வாகனமும் 50, ஆட்டோ 40, குடியிருப்புப் பகுதி 30. நம் குறுக்குத் தெருக்களெல்லாம் அந்த 30இல்தான் வருகின்றன. கோலம் போட உட்கார்ந்திருக்கிற பெண்ணும், பந்துக்குப் பின்னால் ஓடி வருகிற குழந்தையும் இருக்கிற தெருவுக்கு 30கூட எனக்கு அதிகமாகத்தான் தெரிகிறது.

ஷேர் ஆட்டோ திடீர்னு நடு ரோட்டுல நிக்குதே, என்ன பண்றது?

பின்னால் இடைவெளி விட்டுப் போங்கள், வேறு வழியில்லை. ஏறுகிறவர்களுக்கும் ஒன்று: நீங்கள் நடு ரோட்டில் கை காட்டுகிற வரைக்கும் அவர் நடு ரோட்டில்தான் நிறுத்துவார். நாலு எட்டு நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள், அண்ணனும் அங்கே நிறுத்தப் பழகிக்கொள்வார்.

பையன் பத்தாவது பாஸ் பண்ணிட்டான், பைக் கேக்குறான். தெருவுக்குள்ள மட்டும் ஓட்டட்டுமே?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

கியர் வண்டிக்கு 18 வயது. 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் 16. கடைகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டிகள் எல்லாம் 50 சிசிக்கு மேல், அதனால் "கியர் இல்லையே" என்ற சமாதானம் செல்லாது. வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. யாருக்காவது அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் அவருக்குக் கொடுத்த நஷ்டஈட்டை வண்டி உரிமையாளரிடமிருந்து திருப்பி வசூலிக்கவும் வழி இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிற குடும்பம் அதைத் தாங்குமா?

பிள்ளை முகம் வாடினால் பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். என் மகனுக்கு 13 வயது, அவனும் கேட்க ஆரம்பித்துவிட்டான். "பக்கத்து வூட்டு அண்ணன் ஓட்டுறான்ல" என்கிறான். அவனுக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ராத்திரி ரேஸ் விடுற பசங்களை யாருமே கேக்க மாட்டாங்களா?

அவர்களை நேருக்கு நேர் தடுக்கப் போகாதீர்கள், கல்லைப் போட்டு ரோட்டை மறிப்பது அதைவிட ஆபத்து. 100க்கோ 112க்கோ போன் செய்து இடம், நேரம், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று சொல்லுங்கள். ஒரே இடத்திலிருந்து பல பேர் சொன்னால் ரோந்து வண்டி அங்கே நிற்கும் வாய்ப்பு கூடும். அந்தப் பையன்கள் வேற்று ஊர்க்காரர்கள் இல்லை, நம் தெருப் பிள்ளைகள். வீலிங் செய்து வீடியோ போட்டால் கைதட்டும் மற்ற பிள்ளைகளும் நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். உங்கள் மகன் போனில் அப்படி ஒரு வீடியோ பார்த்து ரசித்தால், அன்றைக்கே உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஒருத்தர் கட் அடிச்சிட்டுப் போய், நம்மளையே திட்டினா?

"யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" நம் ஊரில் எல்லோரும் வாங்கியிருக்கிற வசனம் இது. எனக்கும் கோபம் வரும், கை நடுங்கும். ஆனால் விரட்டிப் போய்ப் பிடிப்பதோ, வண்டிச் சாவியைப் பிடுங்குவதோ கூடாது. ரோட்டுச் சண்டை கத்திக்குத்து வரை போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். நான் செய்வது இது: வண்டியை ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். கோபத்தோடு ஓட்டினால் அடுத்த சிக்னலில் நானும் அவரைப் போலத்தான் ஓட்டுவேன்.

புகார் சொல்ல எங்க போறது? சொன்னா ஏதாவது நடக்குமா?

போக்குவரத்துப் பிரச்சினைக்கு 103. ஆபத்து என்றால் 100 அல்லது 112. குழி, எரியாத தெருவிளக்கு, மூடாத மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சியின் 1913. சொன்னதும் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தெரு முனைக் குழிக்கு நான்கு முறை போன் செய்தோம். நான்காவது முறை நாங்கள் 11 வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் தனித்தனியாகப் பதிவு செய்தோம், அடுத்த வாரம் மூடினார்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் திரும்பப் பேசினால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

வண்டியின் மேல் புகார் என்றால் நம்பர் பிளேட் தெரிகிற படம், இடம், நேரம் மூன்றும் வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டே படம் எடுக்காதீர்கள்.

ஆம்புலன்ஸுக்கு வழி விடணும்னா சிக்னலைத் தாண்டலாமா?

சட்டென்று குறுக்கே பாய்ந்து போகாதீர்கள். இடது பக்கம் ஒதுங்கினாலே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்கு வழி கிடைத்துவிடும். வழி விடாமல் போனால் 10,000 ரூபாய் அபராதம். ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே பறக்கிறவர்களைத்தான் எனக்கு மன்னிக்கவே முடியவில்லை.

கண்ணு முன்னாடி அடிபட்டுக் கிடக்கிறாங்க. தொட்டா கேஸ் ஆயிடுமேன்னு பயமா இருக்கு.

ஆகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்ல முடியாது. 108ஐக் கூப்பிடுங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. லாரி கிளீனராக வந்த வடமாநிலத்துப் பையனுக்கும் உண்டு.

இடிச்சவன் ஓடிட்டான், நம்பரும் தெரியல. ஒண்ணுமே கிடைக்காதா?

கிடைக்கும். இது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அன்றைக்கு அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்ததே போதும் என்று இருந்துவிட்டோம், புகார் எழுதிக் கொடுக்கவில்லை. பல வாரம் கழித்து ஸ்டேஷனுக்குப் போனபோது கையில் மருத்துவச் சீட்டுகூட முழுதாக இல்லை.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 161ஆம் பிரிவின்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. எலும்பு முறிந்தால் சட்டப்படி அது கொடுங்காயம்தான். அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். விண்ணப்பம் வருவாய்த் துறை அதிகாரி வழியாகப் போகும். வண்டி நம்பர் தெரிந்தால் வழக்கே வேறு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு விபத்து நடந்த 6 மாதத்துக்குள் என்று சட்டம் சொல்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தூக்க நாலு பேர் ஓடினால் ஒருத்தர் நம்பரைப் பாருங்கள். கடைசி நாலு எண் போதும். அன்றைக்குக் கடை வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள், எல்லோரும் வெங்காயத்தைத்தான் பார்த்தோம் என்றார்கள்.

பின்னாடி உக்காருறவங்களுக்கும் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயமா?

கட்டாயம், குழந்தைக்கும்தான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து பின்னால் இருப்பவர் போடாவிட்டாலும் 1,000 ரூபாய். தாடைக்குக் கீழே பட்டை போடாத ஹெல்மெட் விழும்போது தலை தரையில் மோதுவதற்கு முன்பே கழன்று பறந்துவிடும்.

உங்க அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

கை கூடிவிட்டது. மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறார், சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தனியாகவே நடந்து வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வருவார். இப்போது விடியற்காலை 5 மணிக்கே கிளம்புகிறார், ரோடு காலியாக இருக்கும் என்று. கடக்கும்போது வலது, இடது, மறுபடி வலது, மறுபடி இடது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். ஒரு வண்டிகூட இல்லாத ரோட்டில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.